தனிம அட்டவணையைப் படிக்கும் முறை



வெள்ளி விழாவில் வேதியியல் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகளுள் பலர் பத்தாம் வகுப்பில் தேறிய பின்னும் அறிவியல் பிரிவில் சேர அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தின் வேர்களுள் ஒன்று இணைதிறன் பட்டியலை நெட்டுருச் செய்யும் வழக்கமாகும். வீட்டில் கேட்டுத் திருத்த ஆளில்லாத முதல் தலைமுறை மாணவன் அதை மறந்துவிட்டால் அவனுக்கு வேறு துணை இல்லை. ஆயினும் வகுப்பறைச் சுவரில் தொங்கும் தனிம அட்டவணையிலேயே விடை இருக்கிறது. தேர்வு அறையில் அட்டவணை இராதே என்பீர்கள். முதல் இருபது தனிமங்களை வரிசையாக அறிந்தவன் தாளின் ஓரத்தில் அதைத் தானே வரைந்துகொள்வான்.

மேலிருந்து கீழாகச் செல்லும் வரிசைகளுக்குத் தொகுதி என்று பெயர். 1, 2 ஆம் தொகுதிகளில் தொகுதி எண்ணே வெளிக்கூட்டு எலக்ட்ரான்களின் எண்ணிக்கையாகும். 13 முதல் 18 வரை பத்தைக் கழித்துக்கொள்க. சோடியம் 1 ஆம் தொகுதி, எலக்ட்ரான் ஒன்று. குளோரின் 17, ஆகவே ஏழு. (பழைய அட்டவணையில் ஏழாம் தொகுதி என்றிருக்கும் குளோரினின் இடமே இன்றைய 17, மாணவர் மருள வேண்டாம்.) ஹீலியம் மட்டும் விலக்கு, 18 ஆம் தொகுதியில் இருந்தாலும் அதற்கு இரண்டே எலக்ட்ரான்கள். 3 முதல் 12 வரையிலான தொகுதிகளுக்கு இவ்விதியைப் பொருத்தலாகாது. இரும்பு ஒரு சேர்மத்தில் இரண்டும், பிறிதொன்றில் மூன்றும் இணைதிறனாகக் காட்டும்.

வெளிக்கூட்டு எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் இணைதிறனும் எப்போதும் ஒன்றல்ல. மாணவர் பெரிதும் இடறுவது இங்கேதான். ஆக்சிஜன் 16 ஆம் தொகுதி, எலக்ட்ரான்கள் ஆறு. எட்டு நிறைய இன்னும் இரண்டு வேண்டும். எனவே இணைதிறன் இரண்டு. 13 ஆம் தொகுதியிலுள்ள அலுமினியம் மூன்றைத் தரும். இரண்டு அலுமினியம் ஆறு தர, மூன்று ஆக்சிஜன் அவ்வாறையும் ஏற்கும். வாய்பாடு தானே வந்துவிடுகிறது.

ரஷ்ய அறிஞர் மெண்டலீவ் 1869 இல் அட்டவணையை அமைத்தபோது எலக்ட்ரானை எவரும் அறியார்; அது கண்டறியப்பட்டது 1897 இல். அணு எடையையும் இணைதிறனையும் கொண்டே அவர் தனிமங்களை அடுக்கினார். சிலிக்கானுக்குக் கீழே ஓரிடத்தை வெறுமையாக விட்டு, அங்கு வரவேண்டிய தனிமத்தின் அணு எடை ஏறத்தாழ 72, இணைதிறன் நான்கு என்றார். 1886 இல் விங்க்ளர் ஜெர்மேனியத்தைக் கண்டறிந்தார். அதன் அணு எடை 72.6, இணைதிறன் நான்கு.

இளைஞர்களே, அடுத்த மாலை வகுப்பில் செலீனியத்தைக் காட்டுங்கள். அணு எண் 34. கந்தகத்துக்கு நேர் கீழே உள்ளது. அது ஹைட்ரஜனோடு சேர்ந்தால் வாய்பாடு என்ன என்று கேளுங்கள். அது பாடத்தில் இராது; நீரின் வாய்பாட்டை அறிந்த பிள்ளை விடை சொல்லும்.