கொசுவும் கொல்லாமையும்
(மகாவீர ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

அருகன் திருவடி போற்றி. 

தமிழ்ச் சமணச் சான்றோர் தம் அறநூல்களுக்கு மருந்தின் பெயரைச் சூட்டினர். ஐந்து வேர்கள் சேர்ந்த மருந்தின் பெயரால் காரியாசான் சிறுபஞ்சமூலம் இயற்றினார். ஏலம் முதலாய ஆறு பொருள்கள் சேர்ந்த மருந்தின் பெயரால் கணிமேதாவியார் ஏலாதி இயற்றினார். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள்ளும் மருந்து இடம்பெற்றுள்ளது. ஆதலின் ஊரின் உடல்நலம் பற்றிப் பேசுதல் அறம் பற்றிப் பேசுதலே ஆகும்.

புதுவை நகரின் மருத்துவ வரலாறு நெடியது. பிரெஞ்சு ஆட்சியில் 1823இல் தோன்றிய மருத்துவப் பள்ளி, 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் ஜிப்மர் எனப் பெயர் பெற்றது. 2008இல் அது நாட்டின் முதன்மை வாய்ந்த நிறுவனமாக நாடாளுமன்றச் சட்டத்தால் ஏற்கப்பெற்றது. எனினும் இத்தகு மருத்துவமனை இருந்தும், மருத்துவமனையால் மட்டும் வெல்ல இயலாத ஒரு நோய் இந்நகரை நெடுங்காலம் வருத்தியது. அதுவே யானைக்கால் நோய்.

தேங்கிய கழிவுநீரில் பெருகும் க்யூலெக்ஸ் வகைக் கொசு, நோயுற்றவரின் குருதியோடு நுண்புழுக்களை உறிஞ்சுகிறது. பின்னர் மற்றவரைக் கடிக்கும்போது அவற்றைப் பரப்புகிறது. நிணநீர்க் குழாயில் தங்கும் புழு பல்லாண்டு வாழும். இளமையில் புகுந்த நோய், காலில் வீக்கமாக வெளிப்படுவது பெரும்பாலும் நடுவயதில்தான். வீங்கிய காலை மருந்தால் பழைய நிலைக்குக் கொணர்தல் அரிது. எனவே வருமுன் காத்தலே வழி.

கொசு முதலியவற்றால் பரவும் நோய்களை ஆராய்தற்கென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் புதுவையில் ஒரு நடுவத்தை நிறுவியது. அந்நடுவம் 1981 முதல் 1985 வரை நகரில் யானைக்கால் நோய்த் தடுப்புத் திட்டம் ஒன்றை நடத்தியது. மருந்து தெளித்தலை மட்டும் நம்பாமல், கொசு தோன்றும் இடங்களைக் குறைப்பதை அத்திட்டம் முதன்மையாகக் கொண்டது. வாய்க்கால் அடைப்பும், தேங்குநீரும், திறந்து கிடக்கும் கழிவுத்தொட்டியுமே நோயின் பிறப்பிடம் என்பதை நகரம் அறிந்தது.

இங்கே சமணக் குடும்பத்தினர் பலர் உள்ளத்தில் ஒரு வினா எழும். கொசுவும் நான்கு பொறியுடைய உயிரன்றோ? அதனைக் கொல்வது இல்லறத்தார்க்கு அடுக்குமோ? இவ்வினாவை நகையாடி ஒதுக்குதல் தகாது. புகை அடித்தலும் மருந்து தெளித்தலும் பிறந்த உயிரைக் கொல்வன. புழு நெளியும் நீரைத் தரையில் கொட்டுவதும் கொலையே. ஆனால் இறுக மூடிய தொட்டியில் கொசு முட்டையிடுவதில்லை. நீர் தேங்காத வாய்க்காலில் புழு தோன்றுவதில்லை. பிறவாத உயிர்க்குக் கொலை ஏது? தூய்மையில் சோர்ந்திருந்துவிட்டுப் பின்னர் மருந்தை நாடுபவரே மிகுதியான உயிர்க்கொலைக்கு ஆளாகின்றார். தூய்மை பேணுபவர்க்கு மனிதரைக் காத்தலும் கொல்லாமையும் ஒன்றாகவே அமைகின்றன.

இவ்வொற்றுமைக்கு மற்றொரு சான்றும் உண்டு. நீரைத் துணியால் வடிகட்டிப் பருகுதல் சமணர்தம் தொன்மையான ஒழுக்கம். துணியில் தங்கிய சிற்றுயிர்களை மீண்டும் அந்நீர்நிலையிலேயே விடுவர். நரம்புச் சிலந்தி நோய், கிணற்று நீரில் வாழும் நுண்ணுயிர் ஒன்றின் வழியாக உடலில் புகுவது. அதனை ஒழிக்க அரசு ஊர்தோறும் கற்பித்தவற்றுள் குடிநீரை மெல்லிய துணியால் வடிகட்டுதலும் ஒன்று. 1996இல் கண்டறியப்பெற்றதே இந்தியாவின் இறுதி நோயாளி. 2000இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்நாட்டை அந்நோய் அற்ற நாடாக அறிவித்தது. உயிர் இரக்கத்தால் பிறந்த பழக்கம் உடலையும் காத்தது.

துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் உத்சர்க்க சமிதி, கழிவைப் பிற உயிர்க்கு இடர் நேராத இடம் பார்த்து நீக்குக என்கிறது. இல்லறத்தார்க்கும் அதன் சாரம் பொருந்தும். வீட்டினுள் நீரை வடிகட்டிப் பருகும் குடும்பம், வாசலைக் கடந்தவுடன் நெகிழிப் பையை வாய்க்காலில் எறியுமாயின், நோன்பு வாசற்படியோடு நின்றுவிட்டது என்றே பொருள். ஒருவர் அடைத்த வாய்க்காலில் பிறந்த கொசு, பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ நல்ல நீரிலேயே பெருகும். பூந்தொட்டித் தட்டும், பழைய டயரும், மூடாத குடமும் அதற்குப் போதும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். எனவே நோன்பு நாளைப் போல வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு மாடித்தொட்டியின் மூடியையும், கழிவுத்தொட்டிக் குழாயின் வலையையும், தெரு வாய்க்காலையும் பார்த்து வருதல் ஒவ்வொரு குடும்பத்தாலும் இயலும்.

இனி, நோயுற்றவர்பால் செய்யத்தக்கது ஒன்றுண்டு. யானைக்கால் உடையவர் நாணி வீட்டினுள் ஒடுங்குவர். உறவினரும் திருமண விழாவில் அவரை முன்நிறுத்தத் தயங்குவர். நாள்தோறும் சோப்பிட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்தால், அவரை வருத்தும் காய்ச்சலும் வலியும் பெரிதும் குறையும். குனிந்து கழுவ இயலாத முதியவர்க்கு இளையவர் அதனைச் செய்வாராயின் அது ஔடத தானம். அவரை அவையின் முன்வரிசையில் அமர்த்தி அச்சம் நீக்குவது அபய தானம்.

உயிர் எதற்கும் தீங்கின்றி நகர் நலமுறுக. அறம் வளர்க.