மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

1990ஆம் ஆண்டிலே போர்க்காலத் தடையினால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. நோயாளரை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்ல வேண்டுமே! பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை வைத்திருந்தோர் மண்ணெண்ணெயை நாடினர்.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆதலின், கார்புரேற்றரிலே சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயில் ஓடவிட்டனர். எரிபொருட் கலவையை மிகுதியாக நெருக்காத அப்பழைய எஞ்சின்கள் இம்மாற்றத்தைத் தாங்கின.

ஆயினும் ஓர் ஆபத்து உண்டு. எரியாது எஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே கீழிறங்கி எஞ்சின் ஒயிலுடன் கலக்கும், ஒயில் நீர்த்துவிடும், உட்பாகங்கள் தேயும். ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்க்கையில் மட்டம் உயர்ந்திருந்தால் அது நற்குறியன்று. உடனே ஒயிலை மாற்றல் வேண்டும்.

இத்தகைய நுட்பங்களை ஒருவர் பட்டறிந்தார். கராச் வாசலிலே மற்றவர் கேட்டறிந்தார். அறிந்தவர் அதனை மறைத்திருப்பின் அவருடைய கார் ஒன்றே ஓடியிருக்கும். பகிர்ந்தமையால் அயலவரின் கார்களும் ஓடின. நோயாளரும் வைத்தியசாலையை அடைந்தனர். தொழில்நுட்பத்தின் பயன் அதுவேயன்றோ?