இருதய நோயும் இனிப்பு நீரும்: ஆராய்ச்சிகள் நமக்குக் கூறுவது என்ன?



விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு நின்று, நிரை நிரையாக நடந்து பால்மரம் சீவும் நமக்கு இருதய நோய் வருமா? "மாரடைப்பு நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் பணக்காரர்களுக்கு உரிய நோய், வியர்வை சிந்தி உழைப்பவனை அது அண்டாது" என்று லயங்களில் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியோ நம் உயிருக்கே உலை வைக்கக்கூடியது. எது உண்மை, எது ஆபத்து என்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தவற்றின் துணை கொண்டு இன்று விளக்க முற்படுகிறோம்.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். லண்டன் மாநகரில் ஓடிய மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஜெர்ரி மோரிஸ் என்னும் மருத்துவர் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவர். நடத்துநர் நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்குபவர். இருவரும் ஒரே நிறுவனத்தில், ஒரே வண்டியில் பணி செய்தோர். எனினும் நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவாகவே வந்தது. உழைப்பு உடலுக்கு ஒரு கவசம் என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது.

ஆனால் கவசம் அணிந்தவன் காயமே படமாட்டான் என்று எண்ணிவிடலாகாது. மலேசியச் சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்தோரில் 100க்கு 18 பேருக்கு நீரிழிவு, அதாவது நாம் இனிப்பு நீர் என்று கூறும் நோய், இருப்பது தெரியவந்தது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் தமக்கு அந்நோய் இருப்பதை அறியாமலே வாழ்ந்து வந்தனர். இந்தியர்களிடையே இவ்விகிதம் 100க்கு 31 பேராக இருந்தது. 2023ஆம் ஆண்டின் ஆய்விலோ, இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, மிகுந்த கொழுப்பு, உடற்பருமன் ஆகிய நான்கும் ஒருங்கே உடையோர் நாட்டில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எனக் காணப்பட்டது.

நான்கும் ஒருங்கே வருவது ஏன்? இவற்றுக்கு இடையிலுள்ள உறவு யாது? இதுவே நம் உரையின் மையப் பொருள்.

இரத்தக் குழாயில் நிகழ்வது என்ன?

இருதயக் குழாய்களில் கொழுப்பு படிவதால் நோய் உண்டாகிறது என்பது நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. 1913ஆம் ஆண்டில் ரஷ்ய நாட்டு ஆராய்ச்சியாளர் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்டிரால் என்னும் கொழுப்பை ஊட்டி, அவற்றின் இரத்தக் குழாய்கள் தடிப்பதைக் காட்டினார். 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் 5,209 பேரைத் தேர்ந்து ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கத் தொடங்கினர். இரத்தக் கொதிப்பும் கொலஸ்டிராலும் புகைப்பழக்கமும் இருதய நோய்க்கு வழி கோலுகின்றன என்பதை அவ்வாய்வு உலகுக்கு உணர்த்தியது.

எனினும் இரத்தக் குழாய் என்பது அழுக்குப் படியும் வெறும் தண்ணீர்க் குழாய் அன்று. அது உயிருள்ள சுவர். பால்மரத்தை எண்ணிப் பாருங்கள். கத்தியை ஆழமாக இறக்கி உள்மரத்தைத் தொட்டுவிட்டால் அங்கே காயம் உண்டாகிறது. காயம் ஆறினாலும் அவ்விடத்துப் பட்டை முண்டும் முடிச்சுமாகத் தடித்துவிடுகிறது. பின்னர் அங்கே கத்தி ஒழுங்காக ஓடாது. நம் இரத்தக் குழாயின் உட்சுவரும் இவ்வாறே புகையாலும், மிகுந்த சர்க்கரையாலும், இரத்தக் கொதிப்பாலும் நாள்தோறும் புண்படுகிறது. புண்பட்ட சுவருக்குள் கெட்ட கொழுப்பு நுழைகிறது. அதை அகற்றவென்று இரத்தத்தின் வெள்ளணுக்கள் விரைந்து வந்து, கொழுப்பை விழுங்கி, அங்கேயே வீங்கித் தங்கிவிடுகின்றன. இந்தப் போராட்டத்தையே மருத்துவர்கள் அழற்சி என்கின்றனர். கையில் முள் குத்தினால் அவ்விடம் சிவந்து, வீங்கி, சுடுவதும் அழற்சியே. முள்ளை எடுத்தால் அது தணிந்துவிடும். குழாய்க்குள் உண்டாகும் அழற்சியோ வலியின்றி, வெளியே தெரியாமல், பல ஆண்டுகள் நீடிக்கிறது.

அழற்சி நீடிக்க நீடிக்க, கொழுப்புக் கட்டியின் மேல்மூடி மெலிந்து ஒரு நாள் கிழிகிறது. மரத்தைச் சீவிய சில மணி நேரத்தில் பால் தானே உறைந்து வெட்டை அடைத்துக்கொள்வதை நாம் அறிவோம். கிழிந்த இடத்தில் இரத்தமும் அவ்வாறே உறைகிறது. கை வெட்டுப்பட்டால் உறைதல் நம்மைக் காக்கிறது. இருதயக் குழாயில் உறைந்தாலோ அதுவே மாரடைப்பாகிறது. மூளைக் குழாயில் உறைந்தால் பக்கவாதமாகிறது.

வயிற்றுக் கொழுப்பின் வேலை

இனி, இனிப்பு நீர் இதில் எவ்வாறு சேர்கிறது என்பதைக் காண்போம். வயிற்றைச் சுற்றித் திரளும் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை என்றே முன்னர்க் கருதினர். 1993ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், பருத்த எலிகளின் கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் ஒரு பொருளைச் சுரப்பதையும், அப்பொருள் இன்சுலினின் வேலையைக் கெடுப்பதையும் கண்டறிந்தனர். இன்சுலின் வேலை செய்யாவிடில் சர்க்கரை உடலுறுப்புகளுக்குள் செல்லாமல் இரத்தத்திலேயே தங்குகிறது. அதற்கு முன்பே, 1988ஆம் ஆண்டில், ஜெரால்டு ரீவன் என்னும் மருத்துவர், இன்சுலினுக்கு உடல் கட்டுப்படாத நிலையும், இரத்தக் கொதிப்பும், கொழுப்புக் கேடும் ஒரே கூட்டமாக வருவதை எடுத்துரைத்திருந்தார். ஒன்று வந்தால் மற்றவை பின்தொடர்வதன் காரணம் இதுவே.

தெற்காசிய வழியினர் உடல் எடை குறைவாக இருக்கும்போதே வயிற்றுப் பகுதியில் கொழுப்பைச் சேர்க்கும் இயல்பினர். 52 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், முதல் மாரடைப்பு தெற்காசிய நாட்டினருக்குச் சராசரி 53 வயதிலும், பிற நாட்டினருக்கு ஏறத்தாழ 59 வயதிலும் வந்திருந்தது. ஆறு ஆண்டுகள் முன்னதாகவே! பிள்ளைகளின் படிப்பு முடியாத வயது அது. வீட்டுக் கடன் தீராத வயது அது.

மருந்து ஒன்று போதுமா?

அழற்சியைத் தணித்தால் மாரடைப்பு குறையுமா என்பதையும் ஆராய்ந்து பார்த்திருக்கின்றனர். 1997ஆம் ஆண்டில் பால் ரிட்கர் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும், நலமாகக் காணப்பட்ட ஆண்களின் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஒரு புரதத்தை அளந்தனர். அளவு மிகுந்திருந்தோருக்குப் பின்னாளில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. 2017ஆம் ஆண்டில், முன்பே மாரடைப்புக் கண்ட 10,061 பேரிடம் அழற்சியைத் தணிக்கும் ஊசி மருந்து ஒன்றைச் சோதித்தனர். கொலஸ்டிரால் குறையாமலே, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற கேடுகள் 100க்கு 15 பங்கு குறைந்தன. ஆனால் அம்மருந்து பெற்றவர்களில் தொற்று நோயால் இறந்தோர் சற்று மிகுந்திருந்தனர். ஆகவே அது எல்லாருக்கும் ஏற்ற மருந்தாக அமையவில்லை.

செங்காந்தளில் உள்ள கோல்கிசின் என்னும் பொருளையும் சிறு அளவில் இருதய நோயாளிகளிடம் சோதித்துள்ளனர். சில ஆய்வுகளில் பலன் கிடைத்தது; வேறு சிலவற்றில் கிடைக்கவில்லை. இதைக் கேட்டு எவரும் செங்காந்தள் கிழங்கைத் தேடிச் செல்ல வேண்டாம். அக்கிழங்கு உயிரைக் குடிக்கும் நஞ்சு.

நம் கையில் உள்ளவை

விலையுயர்ந்த மருந்துகளைக் காட்டிலும் நமக்கு அண்மையிலுள்ள செய்தி ஒன்று சென்னையிலிருந்து வந்தது. மருத்துவர் இராமச்சந்திரன் தலைமையிலான குழுவினர், இனிப்பு நீரின் வாயிலில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் கண்காணித்து, 2006ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். தனி அறிவுரை பெறாதவர்களில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 100க்கு 39 பேருக்கே வந்தது. நாளொன்றுக்கு அரை மணி நேர நடை, சர்க்கரையையும் கொழுப்பையும் குறைத்தல், நார்ச்சத்துள்ள உணவை உண்ணுதல் ஆகியவையே அவர்களுக்குக் கூறப்பட்டன. ஏற்கெனவே உடலுழைப்பில் ஈடுபட்டோரிடம் அதைத் தொடருமாறு கூறினர்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. உழைப்பு நின்ற பின்னரும் உணவு நிற்பதில்லை. பால் வெட்டை விட்டு வீடமைப்புப் பகுதிகளில் குடியேறியவர்களும், ஓய்வு பெற்ற பெரியவர்களும், நடந்து சென்ற தூரத்தை மோட்டார் சைக்கிளில் கடக்கும் இளைஞர்களும், வெட்டுக்காலத்துச் சோற்றின் அளவையே இன்றும் உண்கின்றனர். டின்பால் கலந்த தேநீர் நாளுக்கு நான்கு முறை, கருவாடும் ஊறுகாயும் தரும் உப்பு, இடையில் சிகரெட்டு. இவை யாவும் இரத்தக் குழாயைச் சீவும் கத்திகளே.

ஆதலின் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம். தேநீரில் டின்பாலைக் குறையுங்கள். தட்டில் சோற்றைக் குறைத்து, கீரையையும் காய்கறியையும் பருப்பையும் கூட்டுங்கள். புகைப்பதை அறவே விடுங்கள். இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. கருவுற்ற காலத்தில் இனிப்பு நீர் கண்ட தாய்மார்கள், பிள்ளைப் பேற்றுக்குப் பின்னரும் தவறாமல் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். அவர்களுக்கு அந்நோய் மீண்டும் வரும் வாய்ப்பு மிகுதி.

அரசாங்கச் சுகாதார நிலையங்களில் குடிமக்கள் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைக் கண்டு மருந்தும் பெறலாம். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 7.0 அல்லது அதற்கு மேலும், இரத்த அழுத்தம் 140க்கு 90 அல்லது அதற்கு மேலும் இருப்பின், வாளாவிருத்தல் கூடாது. "உடம்பு நன்றாக இருக்கிறது" என்று மாத்திரையை நிறுத்துவோரும் நம்மிடையே உளர். உடம்பு நன்றாக இருப்பதே அம்மாத்திரையால்தான் என்பதை அவர்கள் உணர வேண்டும்.

இறுதியாக ஒன்று. நெஞ்சில் பாரம், இடக்கையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால், "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளாதீர்கள். உடனே 999 என்னும் எண்ணை அழையுங்கள். இனிப்பு நீர் உடையவர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். அடைபட்ட குழாயைத் திறப்பதற்கு மருத்துவர்களுக்குத் தேவை நேரம். அதை அவர்களுக்குத் தரக்கூடியவர்கள் அருகிலிருக்கும் நாமே.

உங்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. இந்த மாதத்துக்குள் ஒரு நாள், வேலை முடிந்த பின், கணவனும் மனைவியுமாக, வீட்டிலுள்ள பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். ஒரு துளி இரத்தமும் கையைச் சுற்றும் ஒரு பட்டையும், வெளியே தெரியாத நோயைத் தெரியச் செய்யும். தெரிந்த நோயை அடக்கலாம். அறியாத நோயே குடும்பத்தைத் தவிக்கவிடுகிறது.