நோயாளியின் எண்ணத்தை அளக்கும் வினாத்தாள்



இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பதைக் கருவி சொல்லிவிடும். அந்நோயைப் பற்றி நோயாளி தம் உள்ளத்தில் கொண்டுள்ள எண்ணத்தை எதைக்கொண்டு அளப்பது? இது வீண் வினாவன்று. உடம்பு தேறியதும் நோய் நீங்கிவிட்டது என்று நம்புகிறவர் மாத்திரையை நிறுத்திவிடக் கூடும். அது நெடுங்காலம் உடன் வருவது என்று உணர்ந்தவரோ மருந்தைத் தொடர்வார்.

இத்தகைய எண்ணங்களை அளக்க, இங்கிலாந்து, நியூஸிலாந்து நாடுகளின் உளநூலார் 1996இல் ஒரு வினாத்தாளை வெளியிட்டனர். 2006இல் அதன் சுருக்கம் வந்தது. நோய் எத்தனை காலம் நீடிக்கும், வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது, தம்மால் எவ்வளவு கட்டுப்படுத்த இயலும் என்பன போன்ற எட்டு வினாக்களுக்கு 0 முதல் 10 வரை எண்ணிட வேண்டும். ஒன்பதாவது வினா, நோய்க்குக் காரணமாக அவர் கருதுவனவற்றைக் கேட்கிறது.

இவ்வெண்களை எவ்வளவு நம்பலாம்? மூன்று வாரமும் ஆறு வாரமும் கழித்து அதே வினாக்களை மீண்டும் கேட்டுப் பார்த்தனர். விடைகள் பெரிதும் ஒத்திருப்பின், அளவு நிலையானது என்று கொள்வர். ஆனால், எப்போதும் 50 கிராம் குறைத்துக் காட்டும் தராசும் நிலையானதே அன்றோ? அன்றியும், விடை மாறினால் குறை தாளினுடையதுதான் என்று சொல்வதற்கில்லை; மருத்துவர் விளக்கியதைக் கேட்டு நோயாளியின் எண்ணமே மாறியிருக்கலாம்.

ஆகவே ஆய்வாளர் சிலர், விடையளிக்கும்போது மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுமாறு நோயாளிகளைக் கேட்டனர். வினவியவர் கருதிய பொருள் ஒன்று, விடை தந்தவர் கொண்ட பொருள் வேறு என்பது சிலரிடம் புலனாயிற்று.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இதில் பாடம் உண்டு. மும்பையிலோ தில்லியிலோ, மருத்துவமனையில் மகன் வினாக்களைப் படித்துத் தமிழில் சொல்ல, தாய் விடை கூறுகிறார் என வைத்துக்கொள்வோம். 'கட்டுப்பாடு எவ்வளவு?' என்றதும், தாம் இருக்கும் பத்தியத்தை நினைத்து, '9' என்கிறார். நோயை அடக்க இயலும் என்று இவர் நம்புவதாக மருத்துவர் கொள்கிறார். பத்தியம் இருந்தும் சர்க்கரை இறங்கவில்லையே என்ற சோர்வு தாயின் உள்ளத்திலேயே தங்கிவிடுகிறது.

ஆகையால், எண்ணை எழுதுமுன், 'அம்மா, இதற்கு என்ன பொருள் கொண்டீர்கள்?' என்று ஒருமுறை கேளுங்கள். அவர் சொல்வதையும் எண்ணோடு சேர்த்து மருத்துவரிடம் தெரிவியுங்கள். மருந்தோடு எந்த ஆறுதலும் அறிவுரையும் வேண்டும் என்பதை அப்போதுதான் அவர் அறிவார்.