பின்னாக வந்தவர்கள்
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கினால் வருந்திய ஸ்திரீ, வெட்கத்தினால் ஜனக்கூட்டத்தில் மறைந்து, ஆண்டவருக்குப் பின்னாக வந்தாள். கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வரும் எச்.ஐ.வி. நோயாளிகள் சிலரும் அப்படியே வருகிறார்கள்.

வெளியூர் வேலைக்குப் போய்த் திரும்பிய ஒரு தகப்பன், மாதக்கணக்காய்க் காய்ச்சலும் பேதியும் இருந்தும், ஊராருக்குப் பயந்து வீட்டிலேயே கிடந்தார். எங்களிடம் வந்தபோது எலும்பும் தோலுமாயிருந்தார், காசநோயும் முற்றியிருந்தது. எவ்வளவோ முயன்றோம். மூன்றாம் வாரம் மரித்தார். "இதுக்கு மருந்து இருக்குன்னு யாரும் சொல்லலையே, ஐயா" என்று மனைவி அழுதபோது நாங்கள் தலைகுனிந்தோம்.

இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டறியப்பட்டதே நம் தமிழ்நாட்டில்தான். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமோனும் டாக்டர் நிர்மலாவும் சேகரித்த இரத்தம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டது. 2004 முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாய்த் தருகிறது. 2017 முதல், எதிர்ப்புச் சக்தி குறையும்வரை காத்திராமல், கிருமி இருப்பது தெரிந்தவுடனே தொடங்குகிறார்கள். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனையும் இலவசம், இரகசியம் காக்கப்படும்.

அந்தச் சகோதரிக்கும் கிருமி இருந்தது. ஆனால் காலத்தோடே மருந்து தொடங்கியதால், இன்று கூலிவேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்.

உங்கள் காணிக்கை மலை ஜனங்களின் பேருந்துச் செலவுக்கும் ஆகாரத்துக்கும் உதவுகிறது, நன்றி. இன்னும் ஒன்று கேட்கிறோம்: உங்கள் சபையில் ஒருவருக்கு இந்நோய் என்று தெரிந்தால், "எப்படி வந்தது?" என்று கேளாதிருங்கள். ஆண்டவர் அந்த ஸ்திரீயிடம் அதைக் கேட்கவில்லை; மகளே என்றுதான் அழைத்தார்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.