பூவராகர் போகும் வழியில் ஒரு மளிகைப் பை



ஸ்ரீமுஷ்ணம் சந்நிதித் தெரு. இன்னும் சரியாக விடியவில்லை. ஒரு வேன் நிற்கிறது. நாங்கள், மைத்துனர் குடும்பம், அவர் நண்பர், பெரியம்மா, பிள்ளைகள் என்று மொத்தம் 12 பேர். பிச்சாவரத்துக்குப் போகிறோம், இரண்டு நாள் தங்கல். ஆள் ஏறுவதற்கு முன்னால் சாமான் ஏறிக்கொண்டிருக்கிறது. பெரியம்மா வாசற்படியில் நின்று பாதியை இறக்கச் சொல்கிறார்.

"வெங்காயம் பத்துக் கிலோவா? கல்யாணமாடா பண்ணப் போறோம்? இறக்கு. தண்ணி பாட்டில் எதுக்கு இத்தனை? குடத்துல புடிச்சி வையி. அந்தப் பொட்டலம் என்ன, சிப்ஸா? அதையும் இறக்கு."

இந்த ஊரிலிருந்து கடற்கரைக்குப் போகிற வழியையும், சுற்றுலா என்றால் ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சம்பளத்தைக் கரைத்துவிடும் சாப்பாட்டுச் செலவை அந்த வழியே எப்படிக் குறைத்துத் தருகிறது என்பதையும்தான் இன்று பேசப்போகிறேன்.

ஊரை முதலில் பார்த்துவிடுவோம். விருத்தாசலத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர், சிதம்பரத்திலிருந்து 40 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது ஸ்ரீமுஷ்ணம். பூவராக சுவாமி கோயில் இருப்பதால் ஊர். வைணவர்கள் தானாகவே தோன்றிய தலங்கள் என்று சொல்லும் எட்டில், திருவரங்கம், திருமலையோடு சேர்த்து எண்ணப்படுவது இது. மூலவர் சாளக்கிராமத் திருமேனி. திருமேனி மேற்கு நோக்கி நிற்க, முகம் மட்டும் தெற்கே திரும்பியிருக்கும். இரண்டு கைகளும் இடுப்பில் ஊன்றியபடி. வேலையை முடித்துவிட்டு வரப்பில் நின்று வயலைப் பார்க்கும் ஒரு விவசாயியின் நிலை அது என்று எனக்கு எப்போதும் தோன்றும். முன்னால் இருக்கும் மண்டபம் நாயக்கர் காலத்துத் திருப்பணி. ஒரே கல்லில் செதுக்கிய தூண்களில் குதிரை பாய்கிறது, வீரன் வாளை ஓங்குகிறான். அங்கே அரைமணி நேரமாவது உட்காருங்கள்.

இந்தக் கோயிலின் பிரசாதம் கோரைக்கிழங்கு உருண்டை. கோரை என்றால் வயலில் தானாக முளைத்து, களையெடுக்கிற பெண்களின் இடுப்பை ஒடிக்கும் அந்தக் களைதான். வேரில் சுண்டைக்காய் அளவுக்குக் கறுத்த கிழங்கு இருக்கும். பன்றி மூக்கால் மண்ணைக் கிளறித் தின்பது அதை. பெருமாள் பன்றி உருவம் எடுத்த ஊரில், பன்றியின் உணவையே காயவைத்து இடித்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துப் பிடித்துத் தருகிறார்கள். வாயில் போட்டால் முதலில் இனிப்பு, பிறகு நாக்கின் அடியில் மண்வாசம் கலந்த ஒரு மெல்லிய கசப்பு. இருக்கிற மண்ணில் கிடைப்பதை வைத்தே விருந்து வைக்கலாம் என்று இந்தக் கோயில் மடைப்பள்ளி எப்போதோ கண்டுகொண்டிருக்கிறது. பெரியம்மா அதில் ஒரு பொட்டலம் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

சரி, என்னதான் ஏற்றினோம்? காய்ந்த சாமான் மட்டும். பெரியம்மாவின் கணக்கு இப்படி: ஆளுக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி. 12 பேருக்கு ஒரு வேளைக்கு 1 கிலோ 800 கிராம். இரண்டு நாளில் சோறு வடிப்பது மூன்று வேளைதான், முதல் நாள் மதியத்துக்குக் கட்டுச்சோறு. ஆக, ஐந்தரைக் கிலோ அரிசி போதும். சாம்பாருக்கு வேளைக்கு அரைக் கிலோ துவரம்பருப்பு. புளி, மிளகாய்த்தூள், உப்பு, செக்கு நல்லெண்ணெய் ஒரு லிட்டர். ரவை இரண்டு கிலோ. டீத்தூள், சர்க்கரை. இவ்வளவும் ஒரே சாக்குப்பையில் அடங்கிவிட்டது. காய்கறி, பால், மீன் எதையும் ஏற்றவில்லை. வெயிலில் வாடுவதை ஊரிலிருந்து சுமப்பது காசைக் குப்பையில் கொட்டுவதற்குச் சமம் என்பது அவர் தீர்ப்பு. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

ஊறுகாய் மட்டும் ஜாடியில் வந்தது. விருத்தாசலத்துப் பீங்கான் ஜாடி, மேலே பழுப்பு, கீழே வெள்ளை. விருத்தாசலத்தில் பீங்கானுக்கென்று தொழிற்பேட்டையும் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன. பொம்மை, அகல், மின்சாரத்துக்கான பீங்கான் சாமான் எல்லாம் அங்கே சூளையில் வேகின்றன. உப்பும் புளிப்பும் சேர்ந்தால் தகரம் அரிக்கும், பிளாஸ்டிக் வாடை ஏறும். மெருகேற்றிச் சுட்ட பீங்கானை இரண்டும் ஒன்றும் செய்யாது. பழைய துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைத்தால் வேன் குலுக்கலுக்கும் அசையாது. ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாய் இருந்தால் மூன்று வேளைக்குத் தொட்டுக்கொள்ளப் பொரியல் தேட வேண்டாம்.

விருத்தாசலம் பக்கத்திலிருந்து புறப்படுகிறவர்களுக்கு இன்னொன்று. இது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மண், முந்திரி மண். அங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் 'விருத்தாசலம்' என்ற பெயரிலேயே நிலக்கடலை ரகங்களையும் முந்திரி ரகங்களையும் வெளியிட்டிருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் போனால் முழு முந்திரிக்கு ஒரு விலை, இரண்டாகப் பிளந்ததற்கு அதைவிடக் குறைந்த விலை, உடைந்த பருப்புக்கு இன்னும் குறைவு. உப்புமாவில் போட உடைந்த பருப்பு போதும், ருசியில் ஒரு மாற்றமும் இல்லை. வேகவைத்த மல்லாட்டை ஒரு தூக்கு நிறைய இருந்தால் பிள்ளைகள் வழிநெடுகச் சிப்ஸ் கேட்கமாட்டார்கள். எங்கள் பிள்ளைகள் கேட்கவில்லை.

அடுப்பு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வேனிலோ ரயிலிலோ கேஸ் சிலிண்டரை மறைத்து எடுத்துப் போவதை மனதால்கூட நினைக்காதீர்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பிடித்தது. லக்னோவிலிருந்து கோயில் பார்க்க வந்தவர்கள். தடையை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரில் விடிகாலையில் அடுப்பு பற்றவைத்திருக்கிறார்கள். 9 பேர் போய்விட்டார்கள். காப்பி போட்டுக் குடிக்க நினைத்தவர்கள் அவர்கள், வேறொரு தப்பும் செய்ய நினைத்தவர்கள் இல்லை. அந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம்: தங்குமிடத்துக்கு முன்கூட்டியே போன் செய்து, சமைக்க இடமும் அடுப்பும் உண்டா என்று கேட்டுவிடுவோம். இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம்.

வேன் கிளம்பியது. காட்டுமன்னார்கோயில் வழி. அந்த ஊரைத் தாண்டியதும் வீராணம் ஏரிக்கரை. சோழர் காலத்து ஏரி. வீரநாராயணன் என்ற பட்டப்பெயர்தான் பேச்சுவழக்கில் வீராணமாயிற்று. 2004 முதல் சென்னைக்குக் குடிதண்ணீரும் இங்கிருந்து போகிறது. கரையில் சாக்கு விரித்துப் பெண்கள் கீரை விற்கிறார்கள், வாழைத்தாரை மரத்தடியில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். கத்தரி, வெண்டை, முருங்கை, கொத்துமல்லி என்று ஒரு மஞ்சப்பை நிறைய அங்கே வாங்கினோம். பேரம் பேசப்போன மைத்துனரைப் பெரியம்மா தடுத்தார். "டவுன்ல இதே கத்தரிக்காய்க்கு வாய மூடிக்கிட்டுக் குடுப்பே இல்ல? இங்கயும் மூடிக்க." அத்தனையும் காலையில் பறித்த காய்.

கட்டுச்சோற்றை ஏரிக்கரையிலேயே பிரித்தோம். புளிச்சோறு. முதல் நாள் இரவே புளிக்காய்ச்சல் செய்து, ஆறிய சோற்றில் நல்லெண்ணெய் விட்டுக் கிளறி வைத்தது. சூட்டோடு கட்டினால் வேர்த்து ஊசிப்போகும்; ஆறவிட்டுக் கட்டினால் மறுநாள் மாலைவரை நிற்கும். வாழையிலையைத் தணலில் வாட்டிக் கட்டியிருந்தார் பெரியம்மா. பிரித்தபோது எண்ணெய் பட்டு இலையின் பச்சை பழுப்பாக மாறியிருந்தது, வறுத்த வெந்தயம் மணத்தது. ஓட்டலில் 12 பேர் மதியம் உட்கார்ந்து எழுந்தால் ஆகும் தொகையை நினைத்துப் பாருங்கள்.

இனிச் சொல்லத் தயங்கும் ஒன்று. ஆனால் சொல்லியே ஆகவேண்டும். சுற்றுலா போகும் ஆண்கள் மளிகைப் பட்டியலின் கடைசி வரியில், எழுதாமலே, இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறார்கள். பாட்டில். எங்கள் மைத்துனரும் சேர்த்திருந்தார். நம் கடலூர் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி இருப்பதால், அங்கே விலை குறைவு, இரண்டு பாட்டில் வாங்கிவந்தால் சிக்கனம் என்று கணக்குப் போடுகிறவர்கள் ஏராளம். அந்தக் கணக்கு தப்பு. புதுச்சேரிச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றம். கடலூர் எல்லையிலும் விழுப்புரம் எல்லையிலும் சோதனைச்சாவடிகள் இருக்கின்றன. பிடிபட்டால் வழக்கு, வண்டியும் பறிமுதலாகும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய், வாடகை வேன்காரருடைய பிழைப்பையும் சேர்த்துப் பணயம் வைக்கலாமா?

அப்படியானால் டாஸ்மாக்கில் வாங்கினால் ஆயிற்று என்பீர்கள். 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறார்கள். சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் பெரியம்மா ஏரிக்கரையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினார். மைத்துனரும் அவர் நண்பரும் இரண்டு இரவுக்கு ஒதுக்கி வைத்திருந்த பணத்தில், 12 பேருக்கும் அரிசி, பருப்பு, காய், மீன் எல்லாம் வாங்கியும் மீதி இருக்கும். இரண்டு பேரின் பாட்டில், பன்னிரண்டு பேரின் சாப்பாட்டைவிடக் கனமாக இருந்தது. மைத்துனர் ஒன்றும் பேசவில்லை. ரூபாயை எடுத்துப் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டார். அதை நான் லேசில் மறக்கமாட்டேன்.

பாட்டில் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணத்தைப் பிச்சாவரத்தில் என் கண்ணால் பார்த்தேன். அதற்கு முன் கிள்ளை. சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரத்துக்குப் போகும் வழியில் இருப்பது கிள்ளை. மாசி மகத்தன்று பூவராக சுவாமி ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து புறப்பட்டு வந்து கடலில் தீர்த்தவாரி கண்டருள்வது இங்கேதான். வழிநெடுக ஊர்கள் மண்டகப்படி வைக்கின்றன. எந்த ஊருக்கு வந்தாலும் அந்த ஊர் தன்னிடம் உள்ளதைப் படைக்கிறது. கிள்ளை தைக்காலில் இருக்கும் தர்காவுக்கு முன்னால் இஸ்லாமியர்கள் பெருமாளை வரவேற்று மரியாதை செய்கிறார்கள். கோயிலின் மாலை தர்காவுக்குப் போகிறது. ஆண்டாண்டாக நடப்பது. ஒருமுறையாவது நேரில் போய்ப் பாருங்கள்.

பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்குள் படகு நுழையும்போது வெயில் சட்டென்று அணைந்துவிடும். இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள் வேர்களைக் காலாக ஊன்றி நிற்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த தில்லை மரமும் இங்கே உண்டு. அந்தக் கால்வாய் ஒன்றில் இடுப்பளவு, சில இடத்தில் மார்பளவுத் தண்ணீரில் இருளர் இன மக்கள் இறால் தேடிக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது. இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுகிறார்கள். பிடித்த இறாலைப் போட ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சேற்றில் ஒரு உடைந்த பாட்டில் கிடந்தால்? படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டுத் தன் உள்ளங்கையைக் காட்டினார். கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு வெள்ளைத் தழும்பு. "கண்ணாடிதாங்க. யாரோ குடிச்சிட்டுப் போட்டது. ஒரு மாசம் தண்ணியில எறங்கல." ஒரு மாதம் தண்ணீரில் இறங்காவிட்டால் ஒரு மாதம் கூலி இல்லை.

நீலகிரியில் 2022 மே மாதம் முதல், உயர் நீதிமன்றத்தின் வற்புறுத்தலுக்குப் பிறகு, பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. அங்கே உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழித்தது. இங்கே மனிதரின் கையை.

மறுநாள் காலை முடசல் ஓடைக்குப் போனோம். படகுகள் மீன் இறக்கும் இடம். ஓட்டலில் ஒரு தட்டுக்கு நான்கு துண்டு வைக்கும் மீன், இங்கே கூடை கூடையாகக் கொட்டிக் கிடக்கிறது. பெரிய மீனுக்குப் போட்டி அதிகம், விலையும் ஏறும். சங்கரா, கவலை, நண்டுக்குப் போங்கள். குழம்புக்கு அவைதான் ருசியும். பாதை ஓரத்தில் ஒரு அம்மா பறியிலிருந்த இறாலை அலுமினியச் சட்டியில் கொட்டிக் கூறு போட்டு வைத்திருந்தார். மைத்துனர் கொடுத்த பணத்தில் மூன்று கூறு வாங்கினார் பெரியம்மா. அவர் கேட்காமலேயே அந்த அம்மா ஒரு கைப்பிடி கொசுறு போட்டார். பக்கத்தில் நாலு வயதுப் பெண்குழந்தை எங்கள் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு உருண்டையை எடுத்துக் குழந்தையிடம் நீட்டினார். "ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் பிரசாதம் தாயி. கோரைக்கிழங்கு."

"கோரைக்கிழங்கா?" என்று அந்த அம்மா சிரித்துவிட்டார். "எங்கூட்டுக் கொல்லையெல்லாம் மொளைச்சிக் கெடக்குதே அக்கா, புடுங்கிப் புடுங்கிப் போடறோம்." பிறகு உருண்டையைக் குழந்தையிடமிருந்து வாங்கி இரண்டாக உடைத்தார். பாதியைக் குழந்தை வாயில் வைத்தார். மீதிப் பாதியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தான் போட்டுக்கொண்டார்.