கண்ணெழுதா ஓவியம்



ஜப்பானியர் ‘மெனாஷிக்யோ’ என வழங்கும் சுருளொன்றை இங்கு நினைவுகூர விழைகிறேன். ‘கண்ணில்லாச் சூத்திரம்’ என்பது அதன் பொருள். துறவு பூண்ட முன்னாள் பேரரசர் கோ-ஷிரகாவா 1192இல் மறைந்தார். அவர் காலத்தில் வரையத் தொடங்கிய கதையோவியம் பாதியில் நின்றது. மாந்தர் பலரின் முகங்களில் கண்ணும் மூக்கும் எழுதப்படவில்லை. அத்தாளை எவரும் எறியவில்லை. ஓவியத்தை நிறைவு செய்யவுமில்லை. அக்கோடுகளின் மேலேயே பௌத்தரின் பொன்னொளிச் சூத்திரத்தை மையால் எழுதினர். மறைந்தவரின் தாளில் சூத்திரம் எழுதுவது அவருக்குப் புண்ணியம் சேர்க்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தில் அதன் ஒரு சுருள் உள்ளது.

இப்பத்தாண்டில் நாம் இழந்த கவிஞர் ஒருவரின் குறிப்பேடு என்னிடம் உள்ளது. பாதியில் நின்ற கவிதைகளை முடித்துத் தருமாறு அவர்தம் துணைவியார் வேண்டினார். ஓராண்டு தயங்கினேன். இச்சுருள் என்னைத் தெளிவித்தது. அவர் எழுதாது விட்ட கண்களை நான் எழுதேன். அவ்வேட்டின் வெற்றுப் பக்கங்களில் நாம் ஒவ்வொருவரும் நம் பாடலை எழுதுவோம்; அவர் வரிகள் அவ்வாறே இருக்கட்டும்.